சாவைத் தடுக்கப் போகிறவன் எதிரில் அவனே நின்றால்: காலப்பயணக் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலப்பயணக் கதை எழுதுகிறவர்கள் பலரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கிற இடம் ஒன்று உண்டு. ஒரு சாவைத் தடுக்க நாயகன் கடந்த காலத்துக்குப் போகிறான். அங்கே அதே சாவைத் தடுக்க ஒருவன் ஏற்கெனவே வந்து நிற்கிறான். அவனும் இவனேதான், வயது மட்டும் குறைவு. "வேண்டாம், விட்டுவிடு" என்கிறான் மூத்தவன். "வழியை விடு" என்கிறான் இளையவன்.

கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. எழுதி முடித்துப் படித்தால் சப்பென்று ஆகிவிடுகிறது. அறிவியல் ஓட்டையால் கதை கெடுவது அபூர்வம். எதிரில் நிற்கிற இளையவனை ஓர் ஆளாகவே மதிக்காமல் எழுதுவதுதான் பெரும்பாலும் காரணம். மூத்தவன் அறிவுரை சொல்ல ஒரு காது தேவைப்படுகிறது, அந்தக் காதுக்கு இளையவன் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். கீழே வரும் தவறுகளில் பலவும் இங்கிருந்து முளைப்பவைதான்.

எந்தச் சாவு?

"மரணத்தை வெல்லக் கிளம்பினான்" என்று எழுதிவிட்டு, எந்த மரணம் என்று சொல்லாமல் விடுவது முதல் தவறு. விபத்தில் போனவளைக் காப்பாற்றுவது வேறு. தன் சாவைத் தள்ளிப்போடுவது வேறு. யாருமே சாகக் கூடாது என்று கிளம்புவது முற்றிலும் வேறு. விபத்து என்றால் ஒரு நிமிடம் முன்னால் போய்க் கையைப் பிடித்து இழுத்தால் போதும். நோய் என்றால் வருடக்கணக்கில் பின்னால் போக வேண்டும், போனாலும் கையில் மருந்து வேண்டும். முதுமை என்றால் காலப்பயணத்தால் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை. இயந்திரம் பின்னால் தள்ளுவது நாட்காட்டியைத்தான், உடம்பை அல்ல. 50 வயதில் கிளம்பியவன், தனக்கு 25 வயதாக இருந்த காலத்துக்குப் போனாலும் 50 வயது முழங்காலோடுதான் போய் இறங்குவான்.

இந்தக் கணக்கைப் பலர் போட்டே பார்ப்பதில்லை. ஒரு முயற்சிக்கு ஒரு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 120 முயற்சி என்றால் 10 வருடம் போய்விட்டது. வெளியே இன்னும் அதே செவ்வாய்க்கிழமைதான். இவனுக்கு மட்டும் தலை நரைத்துவிட்டது. ஒருத்தியின் சாவைத் தடுக்க ஓடியோடியே தன் ஆயுளைத் தீர்த்துக்கொண்ட ஆள்! கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் 40வது முயற்சியிலும் நாயகன் முதல் அத்தியாயத்தில் போட்ட சட்டையோடும் அதே முகத்தோடும் வந்து நிற்கிறான்.

சாவு நடக்கிற நேரத்தையும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பது நல்லது. மூளைக்கு ஆக்சிஜன் போவது நின்றால் சுமார் 4 முதல் 6 நிமிடத்துக்குள் சேதம் தொடங்கிவிடும். இதயம் நிற்பதையே சாவு என்று கொண்டிருந்த மருத்துவத்தில், மூளை முழுதும் செயலற்றுப் போவதையும் சாவுக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம் என்று 1968ல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் குழு ஒன்று முன்வைத்தது. அதாவது, சாவு ஒரு நொடியில் முடிந்துபோகிற விஷயமாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரே கட்டிலுக்கு இருபுறமும் நிற்கும் இருவரில் ஒருவனுக்கு அவள் இன்னும் இருக்கிறாள், மற்றவனுக்கு எப்போதோ போய்விட்டாள். சண்டைக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது, தேடி அலைய வேண்டாம்.

காலத்துக்கு என்ன சட்டம்?

இதை முடிவு செய்யாமலே பாதிக் கதை வரை போகிறவர்கள் உண்டு. மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. நடந்தது நடந்ததுதான், நீ பின்னால் போய் வந்ததும் அதில் அடக்கம் என்பது ஒன்று. ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவின் பேரில் வழங்கும் தன்முரணின்மைக் கொள்கை இந்தப் பக்கம் நிற்கிறது. இருப்பது ஒரே காலம், அதை அழித்து எழுதலாம் என்பது இரண்டாவது. மாற்றினால் தனிக்கிளை பிரியும் என்பது மூன்றாவது. 1957ல் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ எவரெட் குவாண்டம் இயற்பியலுக்குத் தந்த விளக்கத்திலிருந்து கதைக்காரர்கள் உரிமையோடு எடுத்துக்கொண்டது அது. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் சாவுக்குப் பொருள் மாறும்.

கிளை பிரியும் உலகத்தில் அவளைக் காப்பாற்றிவிடலாம். இவன் விட்டுவந்த உலகத்தில் செத்தவள் செத்தவள்தான். காப்பாற்றிய உலகத்திலோ அவளுக்கென்று ஓர் இளையவன் ஏற்கெனவே இருக்கிறான். ஜெயித்தவனுக்கு அந்த வீட்டில் படுக்க இடம் கிடையாது. அழித்து எழுதும் உலகத்தில் வேறு சிக்கல்: அவள் சாகவே இல்லை என்றால் இவன் எதற்காகக் கிளம்பினான்? பின்னால் போய்த் தாத்தாவைக் கொன்றால் கொன்றவனே பிறந்திருக்க மாட்டானே, தாத்தாவைக் கொல்லும் முரண் என்பார்கள், அதையே பாசத்தோடு செய்தால் இதுதான்.

மாறாத காலம்தான் எழுதுகிறவர்களை அதிகம் பயமுறுத்துகிறது. எதுவுமே மாறாது என்றால் கதையில் என்ன மிச்சம் என்று நினைக்கிறார்கள். நிறையவே மிச்சம் இருக்கிறது என்பதற்கு ஒரு பில்லியர்ட்ஸ் பந்து சாட்சி. ஜோசப் போல்சின்ஸ்கி என்ற இயற்பியலாளர் இன்னொரு இயற்பியலாளரான கிப் தோர்னுக்கு ஒரு புதிர் எழுதி அனுப்பினார். ஒரு பந்து புழுத்துளைக்குள், அதாவது இரண்டு இடங்களையும் நேரங்களையும் இணைக்கும் குறுக்கு வழிக்குள், போகிறது. இன்னொரு வாய் வழியாக, உள்ளே போனதற்குச் சற்று முந்தைய நேரத்தில் வெளியே வருகிறது. வந்து, உள்ளே போகவிருக்கும் தன்னையே மோதித் தள்ளிவிடுகிறது. மோதினால் உள்ளே போக முடியாது, போகாவிட்டால் மோத முடியாது. இதற்குத் தோர்னும் எச்செவெரியா, கிளிங்க்ஹாமர் என்ற இருவரும் 1991ல் வெளியிட்ட கட்டுரையில் விடை இருக்கிறது. வெளியே வரும் பந்து நேராக மோதாமல் ஓரமாக உரசிவிட்டுப் போகலாம். அந்த உரசலில் பழைய பந்தின் பாதை லேசாகத் திரும்புகிறது. அப்படித் திரும்பிய பாதையில் உள்ளே போவதால்தான் வெளியே வரும்போது நேராக மோதாமல் உரசுகிறது. முரண் எங்கேயும் இல்லை. இந்த மாதிரி விடைகள் எண்ணற்று இருக்கின்றன என்பதுதான் இன்னும் விசேஷம்.

பந்து இருந்த இடத்தில் நாயகனை வையுங்கள். தடுக்க வந்த மூத்தவன் இளையவனின் தோளைப் பிடித்து இழுக்கிறான். அதில் இளையவன் இரண்டு நொடி தாமதமாகிறான், கதவு சாத்திக்கொள்கிறது. யாரோ ஒருவன் இழுத்ததால்தான் அவள் போனாள் என்று 25 வருடம் தேடித் திரிந்தானே, அந்தக் கை இவன் கைதான். பழகிய திருப்பம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கு பிசகாமல் இருந்தால் இன்றைக்கும் வேலை செய்கிறது.

மாறாத காலத்தை எடுத்துக்கொண்டவர்கள் செய்யும் இன்னொரு தவறு, மூத்தவன் இளையவன் நெற்றியில் துப்பாக்கி வைக்கும் காட்சி. அதில் பதற்றமே வராது. மூத்தவன் உயிரோடு நிற்பதே இளையவன் பிழைத்துவிட்டான் என்பதற்கு அத்தாட்சி. அந்த அறையில் சாகக்கூடியவன் மூத்தவன் ஒருவன்தான். துப்பாக்கியை இளையவன் கையில் கொடுங்கள்.

அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா?

பெரும்பாலான கதைகள் உடைந்துபோகும் இடம் இது. காலம் மாறாதது என்றால், இந்தச் சந்திப்பு மூத்தவனுக்கு முன்பே நடந்திருக்கிறது. அன்றைக்கு அவன் எதிர்ப்பக்கத்தில் நின்றான். இளையவன் அடுத்து என்ன சொல்வான் என்பது அவனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனாலும் கதையில் அவன் ஒவ்வொரு பதிலுக்கும் திடுக்கிடுகிறான். வாசகர் கேட்டுவிடுவாரோ என்று பயந்து, தலையில் அடிபட்டு மறந்துவிட்டது என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். அந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

மறதியைவிட நல்ல வழி, தப்பான ஞாபகம். பழக்கமில்லாத ஒரு கதையைப் படிக்கக் கொடுத்து, பிறகு திரும்பச் சொல்லச் சொன்னால் மக்கள் அதைத் தமக்குப் பழகிய விதத்தில் மாற்றிச் சொல்கிறார்கள் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932லேயே எழுதினார். 25 வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த ஒரு சந்திப்பு எப்படி அப்படியே இருக்கும்? அன்றைக்கு வந்த கிழவன் தன்னைப் பார்த்துச் சிரித்தான் என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கலாம். இன்று அதே இடத்தில் தான் நிற்கும்போது, மூச்சு வாங்கியதில் வாய் கோணியது என்று தெரியவரலாம். வார்த்தை எல்லாம் அப்படியே நடக்கிறது, அர்த்தம் மட்டும் அவன் நினைத்தது இல்லை. காலச் சட்டமும் உடையவில்லை, நாயகனுக்கும் ஆச்சரியம் மிஞ்சுகிறது.

அப்புறம் காயங்கள். இளையவனுக்கு இன்று கையில் வெட்டுப்பட்டால், மூத்தவன் கையில் அந்தத் தழும்பு முதல் பக்கத்திலிருந்தே இருக்க வேண்டும்.

இளையவன் முட்டாள் இல்லை

மூத்தவன் எல்லாம் தெரிந்தவன், இளையவன் அவசரக்காரன் என்று பிரித்துவிட்டால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். மூத்தவனிடம் தகவல் இருக்கிறது, சரி. இளையவனிடம் மூத்தவன் தொலைத்துவிட்ட ஏதோ ஒன்று இருக்க வேண்டும். ஒரு மருத்துவமனைத் தாழ்வாரம், உள்ளே தங்கை என்று வைத்துக்கொள்வோம்.

"நீ இப்ப உள்ள போய் அந்த மருந்தைக் கொடுத்தாலும் மூணு நாள்தான். அதுவும் வலியோட."

"மூணு நாளா? நிஜமாவா?"

"மூணே நாள்."

"ஒரு நாள் கிடைக்கும்னுகூட நான் நினைக்கல." அவன் எழுந்துவிட்டான். "உங்களுக்கு அவ குரல் ஞாபகம் இருக்கா?"

மூத்தவன் வாயைத் திறந்தான். பதில் வரவில்லை.

மிரட்டலாகச் சொன்ன தகவலை இளையவன் வரமாக எடுத்துக்கொள்கிறான். இருவர் சொல்வதும் நியாயம்தான். மூத்தவன் தோற்பது அறிவு குறைந்ததால் அல்ல, அந்தக் குரல் அவனிடம் இல்லாததால். காட்சியை இந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், யார் ஜெயிப்பார் என்று உங்களுக்கே சட்டென்று தெரியாது. அதுதான் நல்ல அறிகுறி.

இந்த உரையாடலில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, கவனித்தீர்களா? உள்ளே படுத்திருப்பவளை யாருமே கேட்கவில்லை. இரண்டு ஆண்கள், அதுவும் ஒரே ஆள், வெளியே நின்றுகொண்டு அவள் இன்னும் மூன்று நாள் இருக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். இந்த வகைக் கதைகளில் இதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. காப்பாற்றப்பட வேண்டியவருக்கு ஒரு முகம் இருக்கும், ஒரு சிரிப்பு இருக்கும், கருத்து மட்டும் இருக்காது. அவளை ஒரு பக்கம் பேச விடுங்கள். வேண்டாம் என்று அவள் சொன்னால் மூத்தவன் ஜெயித்துவிடுவான் என்று பயப்பட வேண்டியதில்லை. "மூணு நாள் போதும், ஆனா நீங்க ரெண்டு பேரும் வெளியே போங்க" என்றுகூட அவள் சொல்லலாம்.

வசனம் எழுதும்போது நீயா, நீங்களா என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். இளையவனுக்கு எதிரில் இருப்பது யாரோ ஒரு பெரியவர் என்றவரை "நீங்க"தான் வரும். அது தானேதான் என்று தெரிந்த பிறகு? நரைத்த தலையைப் பார்த்து "நீ" என்பதும் வாயில் வராது, தன்னையே "நீங்க" என்பதும் ஒட்டாது. மேலே உள்ள காட்சியில் அவன் இன்னும் "உங்களுக்கு" என்கிறான். அது "உனக்கு" ஆகும் வரியை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் பாதிக் காட்சி அடங்கிவிடும். நடையில் இருவரையும் "அவன்" என்றே எழுதினால் நான்காவது வரியில் வாசகர் தொலைந்துபோவார். ஒருவனுக்கு வயதோ, நொண்டலோ, கண்ணாடியோ கொடுத்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சில்லறைத் தவறுகள்

ஒரே நொடிக்குப் பத்து முறை திரும்பிப் போனால், கிளை பிரியாத உலகத்தில் அங்கே பத்துப் பேர் நிற்க வேண்டும். முந்தைய ஒன்பது பேரை மறந்துவிடாதீர்கள்.

எமனையே ஒரு பாத்திரமாக்குகிறவர்கள் சாவித்திரியைப் பார்க்கலாம். கணவன் உயிரைத் தவிர வேறு எதையும் கேள் என்று எமன் நிபந்தனை போடுகிறான். அவள் பிள்ளை வரம் கேட்டு வாங்கி, அவன் கொடுத்த வாக்கை வைத்தே அவனை மடக்குகிறாள். நிபந்தனை நமக்கு முன்பே தெரிந்திருப்பதால்தான் அவள் வெற்றி இனிக்கிறது. கடைசி அத்தியாயத்தில் புதுச் சட்டம் கண்டுபிடித்துச் சாவைத் தோற்கடித்தால் அந்த ருசி வராது.

பூமி சூரியனைச் சுற்றி நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, அதனால் ஒரு மணி நேரம் பின்னால் போனால் பூமி ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்குமே என்று யாராவது கேட்பார்கள். நீங்களாக அதைக் கதைக்குள் கிளப்பாதவரை பதில் சொல்ல வேண்டியதில்லை.

முடிவில் மூத்தவன் "மரணம் இயற்கை, ஏற்றுக்கொள்" என்று ஒன்றரைப் பக்கம் பேசினால், அந்த ஒன்றரைப் பக்கத்தையும் வெட்டிவிடுங்கள். ஏற்றுக்கொண்டானா இல்லையா என்பது இயந்திரத்தின் சாவியை அவன் என்ன செய்கிறான் என்பதில் தெரிந்தால் போதும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூத்தவனின் வசனங்களை எல்லாம் மறைத்துவிட்டு இளையவன் பேசுவதை மட்டும் வரிசையாகப் படியுங்கள். வெறும் கேள்விகளும் "முடியாது", "இல்லை"களும்தான் மிஞ்சுகின்றன என்றால், அந்தக் காட்சியை இளையவன் பக்கம் உட்கார்ந்து முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.