இலையுதிர்கால ஆறு: வாட்டர்கலரில் வரைந்து பார்க்கலாம்

இலையுதிர்காலம் என்றதும் கை நேராக ஆரஞ்சு நிறத்துக்குத்தான் போகும். தாள் முழுக்க அதையே அப்பினால் படம் தீப்பிடித்த மாதிரி இருக்குமே தவிர, அந்தப் பருவத்தின் அமைதி வராது. பக்கத்தில் நீலம் இருந்தால்தான் ஆரஞ்சு எடுபடும். ஆறு இருந்தால் நீலத்துக்குத் தானாகவே இடம் கிடைத்துவிடும்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, கெட்டியான) தாளை ஒரு பலகையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் நீலம் (அடர்நீலம்), கொஞ்சம் ஆரஞ்சு போதும். கறுப்பு வேண்டாம், நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தாலே அருமையான சாம்பல் கிடைக்கும்.

முதலில் பென்சில். அடிவானத்தைத் தாளின் நடுவில் போடாமல், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் போடுங்கள். ஆறு முன்னால் அகலமாகவும், போகப் போக ஒடுங்கியும் இருக்கட்டும். தூரத்து வளைவுகள் கிட்டத்தட்ட படுக்கைக் கோடுகளாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மலையேறுவது போல இருக்கும்.

அடுத்து, வானத்தை நனைத்து வெளிர்நீலம் பூசுங்கள். ஈரம் காய்வதற்குள் தூரத்து மரங்களைச் சாம்பல் கலந்த ஓக்கரில் தொட்டுவிட்டால் விளிம்பு மங்கலாகி, தூரம் தானே வந்துவிடும். காய்ந்ததும் கரை மரங்கள். இலை இலையாக வரைய வேண்டாம், திட்டுத் திட்டாக வையுங்கள். நல்ல ஆரஞ்சை ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் கொடுங்கள்.

இனி தண்ணீர். இங்கே நிதானம் வேண்டும். ஆற்றுப் பகுதியை நனைத்து நீலச்சாம்பல் பூசிவிட்டு, தாளைச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி போலப் பளபளத்தால் பொறுங்கள். பளபளப்பு அடங்கி லேசான மினுமினுப்பு மட்டும் இருக்கும்போது, ஒவ்வொரு மரத்துக்கும் நேர் கீழே அதன் நிறத்தைச் செங்குத்தாக இழுங்கள். பிம்பத்தில் வெளிர் நிறம் சற்றே அடர்ந்தும், அடர் நிறம் சற்றே வெளிறியும் தெரியும், அப்படியே வையுங்கள். பிறகு ஈரத்தைப் பிழிந்த தட்டைப் பிரஷால் குறுக்கே ஓரிரண்டு இழுப்பு. சலனம் வந்துவிடும். சரி, அதற்கு மேல் தொடாதீர்கள்!

இந்தப் பருவம் என்றாலே சோகம் என்று இல்லை. ரஷ்ய ஓவியர் ஐசக் லெவிதான் 1895இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய 'பொன் இலையுதிர்காலம்' படத்தில் மஞ்சள் மரங்களுக்கு நடுவே ஆறு அடர்நீலத்தில் ஓடுகிறது, பார்த்தாலே உற்சாகம். நீங்களும் அப்படித் தெளிந்த நீலத்தை வைக்கலாம். சோகம்தான் வேண்டுமென்றால் நீலத்தில் பர்ன்ட் சியன்னாவைக் கூட்டி, சில கிளைகளை மொட்டையாக விடுங்கள்.

தாள் முழுக்கக் காய்ந்த பிறகு டேப்பை மெதுவாக, வெளிப்பக்கமாக இழுத்து உரியுங்கள்.