இருமுனைக் கோளாறு: புறநோயாளி சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அளவுமீறிய உற்சாகமும் வேகமும் கொண்ட மிகையெழுச்சிக்கும் மனச்சோர்வுக்கும் இடையே மனநிலை மாறிமாறிச் செல்லும் நோயே இருமுனைக் கோளாறு. இந்நோய் உள்ள ஒருவர் தம் வாழ்நாளில் மருத்துவமனைப் படுக்கையில் கழிக்கும் நாள்கள் மிகக் குறைவு. மிகையெழுச்சியோ மனச்சோர்வோ கட்டுக்கடங்காமல் போகும் சில வாரங்களில் உள்நோயாளியாகச் சேர நேரிடலாம்; பலருக்கு அதுவும் நேர்வதில்லை. மற்ற காலமெல்லாம் வீட்டில் உறங்கி, வேலைக்குச் சென்று, குறித்த நாளில் மருத்துவரைப் பார்த்துத் திரும்பும் காலமே. சிகிச்சை பலிப்பதும் பலிக்காமல் போவதும் பெரும்பாலும் இந்த அமைதியான காலத்தில்தான் முடிவாகின்றன. நோய் முற்றிய வேளையில் நிகழும் தவறுகள் எல்லார் கண்ணிலும் படும். நலமாக இருக்கும்போது செய்யும் தவறுகளோ அடுத்த சரிவு வரும்வரை தவறென்றே தெரிவதில்லை.

அவற்றுள் முதன்மையானது, நலமாகிவிட்டோம் என்று எண்ணி மாத்திரையை நிறுத்துவது. காய்ச்சலுக்கு மருந்து உண்டு பழகிய மனம், உடல் தேறியதும் மருந்தின் வேலை முடிந்துவிட்டதாகவே கணக்கிடும். இருமுனைக் கோளாறு மீண்டும் மீண்டும் வரும் இயல்புடையது. மனநிலையைச் சமன்படுத்தும் மருந்துகளின் முக்கிய வேலை வந்ததை அடக்குவது மட்டுமன்று, வரவிருப்பதைத் தடுப்பதும் ஆகும். நலமாக இருப்பது மருந்து தேவையில்லை என்பதற்குச் சான்றாவதில்லை. பெரும்பாலும் அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். குறிப்பாக, இவ்வகை மருந்துகளுள் ஒன்றான லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால், அடுத்த சில மாதங்களிலேயே மிகையெழுச்சி திரும்பும் வாய்ப்பு கூடுகிறது; தற்கொலை ஆபத்தும் உயர்கிறது. நிறுத்தியே ஆகவேண்டிய நிலை வந்தாலும், குறைந்தது 4 வாரங்கள், முடிந்தால் 3 மாதங்கள் வரை எடுத்துக்கொண்டு, மருத்துவரின் கண்காணிப்பில் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை.

நிறுத்த விரும்புகிறவரைப் பொறுப்பற்றவர் என்று கடிந்துகொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. கை நடுங்குகிறது, எடை ஏறுகிறது, தாகம் தீரவில்லை, சிந்தனை மந்தமாகிறது, பாலியல் நாட்டம் குறைகிறது என்பவை உண்மையான இழப்புகள். எழுச்சி நாள்களில் இருந்த ஊக்கமும் சொல்வேகமும் இப்போது இல்லையே என்ற ஏக்கமும் உண்மையானதுதான். இவற்றை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வெளியில் தலையசைத்துவிட்டு வீட்டில் மாத்திரையை ஒதுக்கிவைப்பதே தவறு. அளவைக் குறைப்பது, உண்ணும் நேரத்தை மாற்றுவது, வேறு மருந்துக்கு மாறுவது எனப் பல வழிகள் உள்ளன. ஆனால் மாத்திரை விட்டுப்போனதை அறியாத மருத்துவர், இந்த மருந்து பயன்தரவில்லை என்று தவறாக முடிவுகட்டி அளவைக் கூட்டவோ இன்னொன்றைச் சேர்க்கவோ நேரும்.

லித்தியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் மிகையெழுச்சிக்கு அது பயன்படுவதை எடுத்துக்காட்டினார். இன்றும் இந்நோய்க்கான மருந்துகளுள் அதற்கு முன்னணி இடம் உண்டு, தற்கொலையைக் குறைப்பதில் அதற்கு நிகராகச் சான்றுள்ள மருந்து இத்துறையில் அரிது. ஆயினும் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகியது. நீண்டகாலத் தடுப்புக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை, சிலருக்கு 1.0 வரை இருக்குமாறு பார்ப்பார்கள்; 1.5ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை தலைகாட்டும், உடல் தளர்ந்த முதியவர்களுக்கு அதற்குக் குறைந்த அளவிலேயே தொல்லை தொடங்கலாம். இந்த அளவுகளெல்லாம் கடைசி மாத்திரை உண்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்துக்கே பொருந்தும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு நேரே பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அப்போது வரும் எண் உண்மையைவிட உயர்ந்திருக்கும், அதை நம்பித் தேவையில்லாமல் அளவு குறைக்கப்படும், சில வாரங்களில் நோய் திரும்பும். இரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைக் கையோடு எடுத்துச்சென்று, இரத்தம் கொடுத்த பிறகு உண்டால் இந்தக் குழப்பமே எழாது.

லித்தியம் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது என்பதை நினைவில் வைத்தால் மற்ற எச்சரிக்கைகள் தாமே விளங்கும். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். ஆகவே வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வியர்வை, நீண்ட பட்டினி, இரத்த அழுத்தத்துக்காகத் திடீரென உப்பை அறவே விலக்குதல் ஆகியவை அளவை உயர்த்தக்கூடியவை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மருந்துகளும், சிறுநீர்ப் பெருக்கிகளும் அதையே செய்யும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி ஒரு வாரம் உண்பது, இருமுனைக் கோளாற்றோடு தொடர்பே இல்லாத செயலாகத் தோன்றும். லித்தியம் எடுப்பவருக்கு அது ஆபத்தான செயல். பல் மருத்துவரானாலும் இதய மருத்துவரானாலும், லித்தியம் உண்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். கை பெரிதாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, விடாத வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த வேளை மாத்திரையை உண்ணாமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லவேண்டும். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகிய மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கவேண்டும். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று இதைத் தள்ளிப்போடுவது பரவலான வழக்கம்.

மற்ற மருந்துகளுக்கும் தத்தம் கண்ணிகள் உண்டு. மனநிலையைச் சமன்படுத்தும் இன்னொரு மருந்தான லாமோட்ரிஜினை வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுவது, உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்வினையைத் தவிர்க்கத்தான். இடையில் ஐந்தாறு நாள்கள் விட்டுப்போனால் பழைய அளவையே மறுபடி உண்ணக்கூடாது. பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கும் என்பதால் மருத்துவரைக் கேட்கவேண்டும். தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்பு வந்தால் ஒவ்வாமை மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் அன்றே காட்டவேண்டும். குவெட்டியாபின், ஒலான்சபின் போன்ற மனநோய் மருந்துகளை எடுப்பவர்களுக்கு எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துவரவேண்டும். மருத்துவர் மறந்தாலும் நாம் நினைவூட்டலாம்.

கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களுக்கு, மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தான வால்ப்ரோயேட்டை எழுதிக்கொடுத்து, அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அனுப்பிவைப்பது மன்னிக்க முடியாத கவனக்குறைவு என்றே கருதுகிறேன். கருவுற்ற காலத்தில் அம்மருந்தை உட்கொண்ட தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் சிக்கலும் ஏற்படுகின்றன. இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: கருவுற்றது தெரிந்த அன்றே அச்சத்தில் எல்லா மருந்தையும் ஒருசேர நிறுத்திவிடுவது. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரோடு பேசினால் பாதுகாப்பான மாற்று ஏற்பாட்டுக்கு நேரம் கிடைக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள் இந்நோய் கடுமையாகத் திரும்பும் காலம் என்பதால், தாயின் இரவு உறக்கத்துக்கு யார் பொறுப்பேற்பது என்பதைக்கூட முன்பே முடிவுசெய்துகொள்வது நல்லது.

மருத்துவரின் அறையில் நிகழும் தவறு வேறு வகை. வருத்தத்தை மட்டும் சொல்லி, எழுச்சியைச் சொல்லாமல் விடுவது அது. மனச்சோர்வு வலிக்கிறது, ஆகவே முறையிடுகிறோம். குறைந்த உறக்கத்திலும் சுறுசுறுப்பாக, பேச்சும் திட்டங்களும் செலவும் பெருகிய நாலைந்து நாள்களை நல்ல காலம் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அவை மிதமான எழுச்சியாக இருந்திருக்கலாம். அதைச் சொல்லாமல் விட்டால் மருத்துவர் வெறும் மனச்சோர்வு என்று எண்ணி அதற்கான மருந்தை மட்டும் தருவார். மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தின் துணையின்றித் தரப்படும் மனச்சோர்வு மருந்து, சிலரை மிகையெழுச்சிக்குள் தள்ளிவிடும். உறங்கிய மணிநேரம், மனநிலைக்கு ஓர் எண், மாத்திரை உண்டதா இல்லையா என்ற மூன்றை மட்டும் நாள்தோறும் ஒரு தாளில் குறித்துவந்தாலே, மூன்று மாதத்தைப் பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். வீட்டில் உடனிருப்பவர் ஒருவரை அவ்வப்போது அழைத்துச்செல்வதும் உதவும், ஏனெனில் எழுச்சியை முதலில் காண்பவர் பெரும்பாலும் அவர்தான்.

உறக்கத்தைச் சாதாரணமாக எண்ணுவதும் தவறு. உறக்கம் குறைவது எழுச்சியின் அறிகுறி மட்டுமன்று, அதைத் தூண்டும் காரணமும்கூட. இரவுப் பணி, நேர வலயங்களைக் கடக்கும் பயணம், தேர்வுக்கு விடிய விடியப் படிப்பது ஆகியவை மற்றவர்களுக்கு வெறும் களைப்பைத் தரும். இந்நோய் உள்ளவருக்கு ஒரு சுழற்சியையே தொடங்கிவைக்கக்கூடும். மதுவும் கஞ்சாவும் இதே வரிசையில் சேரும்.

மாத்திரை மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஸ்பெயினின் பார்சலோனாவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், நலமாக இருந்த 120 பேர் பங்கேற்றனர். மருந்தோடு சேர்த்து நோயைப் பற்றிக் கற்பிக்கும் 21 குழு அமர்வுகளில் கலந்துகொண்டவர்களுக்கு, அதன்பின் இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்புவது மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. முன்னறிகுறிகளைக் கண்டறிவதும் நாளின் ஒழுங்கைக் காப்பதும் அங்கே கற்பிக்கப்பட்டவற்றுள் அடங்கும். நலமாக இருக்கும்போதுதான் அவற்றைக் கற்க மனம் இடங்கொடுக்கும்.

குடும்பத்தார் செய்யும் தவறு பெரும்பாலும் அன்பினாலேயே வருவது. நோயுள்ளவர் சிரித்தாலும் சினந்தாலும் “மாத்திரை போட்டாயா?” என்று கேட்டால், இயல்பான உணர்ச்சியும் நோயாகவே பார்க்கப்படுகிறது என்ற கசப்பு அவருக்குள் படியும்; பிறகு உண்மையான அறிகுறியையும் மறைப்பார். அவர் தெளிவாக இருக்கும் நாளில் உட்கார்ந்து, எந்த அறிகுறி வந்தால் யார் மருத்துவரை அழைப்பது, பணமும் வாகனமும் யார் பொறுப்பில் இருப்பது என்று அவரே சொல்ல எழுதிவைத்துக்கொண்டால், கண்காணிப்பு ஒப்பந்தமாகிவிடும்.

அடுத்த சந்திப்பு இன்னும் மூன்று வாரத்தில் இருக்கிறதே என்று காத்திருப்பது உயிரையே வாங்கக்கூடிய தவறு. இரண்டு இரவுகள் தொடர்ந்து உறக்கம் தேவைப்படாமலே உற்சாகமாக இருந்தால், அன்றைக்கே தொலைபேசியில் மருத்துவரிடம் சொல்லவேண்டும். இல்லாத குரல்கள் கேட்டாலோ, சாவைப் பற்றிய எண்ணம் வந்தாலோ, நோயுள்ளவரைத் தனியே விடாமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச்செல்லவேண்டும். வீட்டில் சேர்ந்திருக்கும் மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் வைக்கவேண்டும், லித்தியம் அளவு மீறினால் கொல்லக்கூடியது என்பதால். எழுச்சியின் வேகமும் சோர்வின் நம்பிக்கையின்மையும் ஒரே நேரத்தில் கலந்து நிற்கும் நிலையே மிகவும் அஞ்சத்தக்கது. அந்நிலையில் அவர் அழுதபடியே இடைவிடாமல் நடந்துகொண்டிருப்பார், பேசிக்கொண்டிருப்பார். சோர்ந்து படுத்திருக்கவில்லையே, எழுந்து நடமாடுகிறாரே என்று வீட்டார் ஆறுதல் அடையும் வேளை அது, உடனே மருத்துவரிடம் அழைத்துச்செல்ல வேண்டிய வேளையும் அதுவே.