பனை விதைக்கப் போகிறீர்களா?

ஏரிக்கரையில் பனை விதைக்க ஊர் மரக்குழுவினர் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். ஆனால் வீட்டிலேயே பையில் முளைக்க வைத்து எடுத்துப் போகாதீர்கள். பனையின் முளை முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும். பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது.

ஆவணி, புரட்டாசியில் பழுத்துத் தானாக விழுந்த பழத்தின் கொட்டையை எடுங்கள். நுங்குக்கு வெட்டிய காய் உதவாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், சுமார் 1 அடி ஆழத்தில், 10 அடி இடைவெளி விட்டு, நேரடியாகப் புதைத்துவிட்டால் போதும். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும்.

இலை தலைகாட்ட மாதக்கணக்கில் ஆகும். பொறுமையில்லாமல் தோண்டிப் பார்க்கிற ஆள் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். எங்கள் குழுவில் அது நான்தான். அப்புறம், கரையைப் பராமரிப்பவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தூர்வாரும் இயந்திரம் வந்து எல்லாவற்றையும் அள்ளிவிடும்.