பரம்பரையாக வந்த ரிம்ஃபயர் ரைஃபிள்: உதிரிபாகம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாத்தா காலத்து பாயின்ட் 22, அதாவது சுமார் 0.22 அங்குலத் துளையுள்ள ரைஃபிள் ஒன்று கைக்கு வந்து சேர்கிறது. குழலின் பின்வாயை மூடித் திறக்கும் போல்ட்டை இழுத்தால் வெற்றுத் தோட்டாக் கூடு வெளியே வர மறுக்கிறது. அல்லது விசையை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. ஏதோ ஒரு பாகம் போய்விட்டது, புதிதாக வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று உடனே தேடத் தொடங்கிவிடுகிறோம். நான் பார்த்தவரை, பாகம் கிடைக்காமல் மூலையில் கிடக்கும் பழைய ரைஃபிள்களைவிட, பொருந்தாத பாகத்தைத் திணித்துக் கெடுத்தவையே அதிகம். நல்ல இரும்பும் நல்ல மரமும் கொண்டு செய்த பொருள், அவசரத்தால் பாழாவதைக் காண மனம் பொறுப்பதில்லை.

கை வைப்பதற்கு முன் இரண்டு காரியங்கள். முதலாவது உரிமம். ரைஃபிள் சட்டப்படி உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். இரண்டாவது, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வது. குழலுக்குக் கீழே, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் நீளக் குழாய் மேகசின் உள்ள ரைஃபிள்களில் போல்ட்டைப் பலமுறை இழுத்துப் பார்த்தும் நம்பிவிடக் கூடாது. பல ஆண்டுகள் கிடந்ததில் ஸ்பிரிங் சிக்கி, ஒரு தோட்டா குழாய்க்குள்ளேயே தங்கியிருக்கலாம். உள்குழாயை முழுவதும் உருவி எடுத்து, ரைஃபிளைச் சாய்த்துப் பார்த்த பிறகே அது காலி.

பழுது எது என்று தெரியாமல் வாங்குவது

ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. விசையை அழுத்தியதும் முன்னே பாயும் சிறு கம்பியான ஃபயரிங் பின் அந்த விளிம்பைக் குழலின் முகத்தோடு சேர்த்து நசுக்கினால்தான் தோட்டா வெடிக்கும். ஆகவே சுட்ட கூட்டின் விளிம்பே நமக்கு முதல் சாட்சி. ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பள்ளம் ஆழமாக, விளிம்பு ஓரத்திலிருந்தே தொடங்கினால் பின் நன்றாக இருக்கிறது. மேலோட்டமாகக் கீறியதுபோல இருந்தால், பின் தேய்ந்திருக்கலாம், முனை உடைந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இவை எதுவுமே இல்லாமல் வெறும் அழுக்காகவும் இருக்கலாம்.

அந்தக் கடைசிக் காரணத்தைத்தான் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு போல்ட்டை நான் பிரித்தபோது ஃபயரிங் பின் ஓடும் தடம் முழுவதும் பழைய எண்ணெய் கோந்தைப்போல உறைந்து கிடந்தது. பின் நகர்ந்தது, ஆனால் சேற்றில் நடப்பதுபோல நகர்ந்தது. கரைப்பானில் ஊறவைத்துத் துடைத்து, ஒரே ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்ட பிறகு, அதே பழைய பின் விளிம்பில் தெளிவான பள்ளம் போட்டது. எந்தப் பாகமும் வாங்க வேண்டியிருக்கவில்லை. கூட்டை இழுத்து வெளியேற்றும் எக்ஸ்ட்ராக்டரும் இப்படித்தான். கொக்கிக்கு அடியில் கரியும் மெழுகும் சேர்ந்தால், அது விளிம்பைப் பிடிக்காமல் வழுக்கும்.

எக்ஸ்ட்ராக்டரை மாற்றியும் கூடு வரவில்லை என்றால், தோட்டா அறையின் வாய் விளிம்பைப் பாருங்கள். ரிம்ஃபயர் ரைஃபிளைத் தோட்டா இல்லாமல் 'டிக் டிக்' என்று அழுத்தி விளையாடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பல பழைய மாடல்களில், தோட்டா இல்லாதபோது பின் நேராகக் குழலின் விளிம்பைக் குத்தும். ஒவ்வொரு குத்தும் சிறு பள்ளத்தை உண்டாக்கி, தள்ளப்பட்ட உலோகத்தை அறைக்குள் பிசிறாக நீட்டிவிடும். பஞ்சு சுற்றிய குச்சியால் அந்த வாயைத் தடவினால், பஞ்சின் இழை ஓர் இடத்தில் மாட்டும். அங்கேதான் கூடு சிக்குகிறது. அனுபவமுள்ள துப்பாக்கிப் பழுதுநர் அதற்கென்று உள்ள கூம்புக் கருவியை உள்ளே தள்ளி, உலோகத்தைப் பழைய இடத்துக்கே அழுத்திவிடுவார். அரத்தால் ராவினால் அறையின் அளவே போய்விடும். அதற்கு மாற்றுப் பாகம் என்பது புதுக் குழல்தான்.

தோட்டாவே தவறானதாக இருப்பதும் உண்டு. 'பாயின்ட் 22' என்பது ஒரே தோட்டாவின் பெயர் அன்று. ஷார்ட் என்ற தோட்டா 1857-லும், இன்று எங்கும் கிடைக்கும் லாங் ரைஃபிள் என்ற தோட்டா 1887-லும் வந்தவை. வின்செஸ்டரின் 1890 மாடல் பம்ப் ரைஃபிளை ஷார்ட், லாங், லாங் ரைஃபிள், டபிள்யூஆர்எஃப் (வின்செஸ்டர் ரிம்ஃபயர்) ஆகிய தோட்டாக்களில் ஏதாவது ஒன்றுக்கு மட்டுமே அமைத்திருப்பார்கள். டபிள்யூஆர்எஃப் கூடு லாங் ரைஃபிளைவிடப் பருமனானது. அந்த அறையில் லாங் ரைஃபிள் தோட்டாவைப் போட்டால் கூடு உப்பிப் பிளக்கும். பழி எக்ஸ்ட்ராக்டர்மீது விழும். 1903 மாடலும் அப்படித்தான், அதற்கென்று தனித் தோட்டாவே உண்டு. குழலில் பொறித்திருப்பதை எழுத்துக்கு எழுத்து படியுங்கள்.

பெயரை நம்பித் தேடுவது

நீண்ட நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன்பு, எல்லா ரைஃபிளிலும் வரிசை எண் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விலை மலிவான பாயின்ட் 22 ரைஃபிள்கள் லட்சக்கணக்கில் எண்ணே இல்லாமல் வெளிவந்தன. எண்ணைக் காணோம் என்று கலங்க வேண்டாம். தொழிற்சாலை விட்ட வெறுமையா, யாரோ அழித்த தடமா என்பதை மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அழித்த தடம் தெரிந்தால் பாகம் தேடுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளிடம் செல்வதே முறை.

இன்னொரு குழப்பம், ரைஃபிளில் இருக்கும் பெயர் அதைச் செய்தவரின் பெயராக இல்லாமல் இருப்பது. அமெரிக்கக் கடை நிறுவனங்களான சியர்ஸ் 'ஜே. சி. ஹிக்கின்ஸ்' என்றும், மான்ட்கோமரி வார்டு 'வெஸ்டர்ன் ஃபீல்ட்' என்றும், வெஸ்டர்ன் ஆட்டோ 'ரெவலேஷன்' என்றும் பெயரிட்டு விற்றவற்றைச் செய்து கொடுத்தவர்கள் மார்லின், மாஸ்பெர்க், சாவேஜ் போன்ற தொழிற்சாலைகள். அந்தப் பெயர்களை மட்டும் வைத்துத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். கடைப் பெயருக்கு இணையான தொழிற்சாலை மாடலைக் காட்டும் பட்டியல்கள் உண்டு, அவற்றில் முதலில் பொருத்திப் பாருங்கள். சியர்ஸ் ரைஃபிளில் மாடல் எண் 103 என்று தொடங்கினால் அது மார்லின் செய்தது. சாவேஜ் 1920-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தை வாங்கியது; அதனால் சாவேஜ் 6, ஸ்டீவன்ஸ் 87, ஸ்பிரிங்ஃபீல்ட் 87 ஆகிய மூன்றும் அடிப்படையில் ஒரே ரைஃபிள். இது தெரிந்தால் தேடும் வட்டம் மூன்று மடங்காகும்.

மாடல் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தை அலட்சியம் செய்வது, நானே விலை கொடுத்துக் கற்ற பாடம். எண் பொருந்துகிறதே என்று ஒரு எக்ஸ்ட்ராக்டரை வரவழைத்தேன். போல்ட்டின் பள்ளத்தில் அது பாதியளவுதான் இறங்கியது. என் ரைஃபிளில் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி' என்ற சின்ன எழுத்து இருந்தது. அந்த ஓர் எழுத்து வித்தியாசத்தில் போல்ட் தலையின் வடிவமே மாறியிருந்தது. மாஸ்பெர்க்கில் 46, 46ஏ, 46பி என்று எழுத்துகள் வரிசையாக நீளும். அவை அலங்காரத்துக்காகப் பொறித்தவை அல்ல. ரெமிங்டன் நிறுவன ரைஃபிள்களில் குழலின் இடப்பக்கம், ரிசீவருக்கு (போல்ட்டும் விசையும் பொருந்தும் நடு உடலுக்கு) அருகே இருக்கும் சிறு எழுத்துகள் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் சொல்லும். மாதத்துக்கான 12 எழுத்துகளை வரிசைப்படுத்தினால் 'பிளாக்பவுடர் எக்ஸ்' என்று வரும், ஜனவரிக்கு பி, டிசம்பருக்கு எக்ஸ். ஆனால் அது குழலின் தேதி. குழலை யாராவது மாற்றியிருந்தால் ரிசீவரின் வயது வேறாக இருக்கும்.

உள்ளே போனால் பொருந்திவிட்டது என்று நம்புவது

வேறொரு ரைஃபிளின் முழு போல்ட்டை வாங்கிப் போடுவது ஆபத்தான குறுக்குவழி. ரிம்ஃபயர் தோட்டாவின் விளிம்பு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன்தான். போல்ட் முகத்துக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளி, அதாவது ஹெட்ஸ்பேஸ், அதைவிடச் சற்றே கூடினாலும் விளிம்பு தாங்கல் இல்லாமல் பிதுங்கி வெடிக்கலாம். சூடான வாயுவும் பித்தளைத் துகளும் சுடுபவரின் முகத்தை நோக்கியே வரும். போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் மூடியது என்பதால் மட்டும் அது பொருந்திவிடவில்லை. பழுதுநர் ஹெட்ஸ்பேஸ் அளவியால் சோதித்த பிறகே சுட வேண்டும்.

திருகாணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: பழைய துப்பாக்கித் திருகாணிகளின் மரை பெரும்பாலும் இரும்புக் கடையில் கிடைக்கும் மரையோடு ஒத்துப்போகாது. முதல் இரண்டு சுற்றுக்கு மேல் விரலால் போகவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். திருகாணி போனால் இன்னொன்று கிடைக்கும், ரிசீவரின் மரை போனால் போனதுதான்.

புதிதாகச் செய்த மாற்றுப் பாகங்கள் எல்லாமே மோசம் என்று ஒதுக்கவும் வேண்டாம். ஸ்பிரிங் புதியதாக இருப்பதே நல்லது. ஃபயரிங் பின்னில்தான் கவனம் வேண்டும். வெப்பப் பதப்படுத்தல் சரியில்லாத பின், மிருதுவாக இருந்தால் முனை மழுங்கும், மிகக் கடினமாக இருந்தால் ஒடியும். நீளம் கூடினால் குழலின் விளிம்பைக் குத்தத் தொடங்கும். மேகசினில், வாயோர மடிப்புகளான உதடுகளின் வளைவும் சாய்வும்தான் தோட்டாவை வழிநடத்துகின்றன. வெளி வடிவம் ஒன்றாக இருந்தும் தோட்டா மூக்கை இடித்துக்கொண்டு நின்றால், காரணம் அங்கே இருக்கும்.

அளக்காமல் வாங்குவதும் அனுமதி கேட்காமல் வரவழைப்பதும்

விற்பவரிடம் படம் மட்டும் கேட்டால் போதாது. வெர்னியர் காலிப்பரால் உங்கள் பழைய பாகத்தின் நீளம், தடிமன், துளையின் விட்டம் ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். அதே அளவுகளை அவரிடமும் கேளுங்கள். அளந்து சொல்ல மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை. அமெரிக்காவின் நம்ரிச் போன்ற பழைய உதிரிபாக நிறுவனங்கள் மாடல்வாரியாகப் பிரித்துக் காட்டும் படங்களை வைத்திருக்கின்றன. அந்தப் படத்தில் உள்ள பாக எண்ணைச் சொல்லிக் கேட்டால் குழப்பம் பாதியாகக் குறையும்.

கடல் கடந்து வரவழைப்பதென்றால் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் மத்தியச் சட்டம் ரிசீவரைத்தான் துப்பாக்கியாகக் கருதுகிறது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் குழலும் போல்ட்டும் தனியாகவே கட்டுப்பாட்டுக்குள் வரும். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், ஆயுதம் என்பதன் விளக்கத்திலேயே அதன் பாகங்களையும் சேர்த்துவிட்டது. சின்ன ஸ்பிரிங்தானே என்று தபாலில் வரவழைத்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, உரிமம் தரும் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். பாகங்களுக்காக இன்னொரு பழைய ரைஃபிளையே வாங்குவது பல நேரங்களில் நல்ல யோசனைதான். ஆனால் அதுவும் உரிமம் தேவைப்படும் துப்பாக்கியே.

புதுப் பாகம் பொருந்திய அன்றே உடைந்த பழையதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அடுத்த முறை யாராவது அளவு கேட்டால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும். கடையில் எங்கும் கிடைக்காதபோது, பழுதுநர் அதே வடிவத்தில் ஒன்றைக் கடைந்தெடுப்பதற்கும் அந்த உடைந்த துண்டுதான் மாதிரி. எண்ணெய் தடவி, தாளில் சுற்றி, மாடல் எண்ணையும் எழுத்தையும் மாற்றிய தேதியையும் எழுதி, ரைஃபிளின் உறையிலேயே வைத்துவிடுங்கள். என் தாத்தாவின் ரைஃபிள் உறையில் இப்போது அப்படி இரண்டு பொட்டலங்கள் இருக்கின்றன.