ஆங்கிலேய ஆட்ட மெட்டுகளுக்கு வேகம் பிடிப்பது எப்படி

கர்நாடக வயலின் கற்றவர்களுக்கு ஜிக், ரீல், ஹார்ன்பைப் என்ற ஆங்கிலேய ஆட்ட மெட்டுகளின் சுரம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். பல மெட்டுகள் சங்கராபரண ராகத்துக்குள்ளேயே அடங்கும். இடறுவது காலப்பிரமாணத்தில், அதாவது வேகத்தில்தான். கச்சேரியில் அதைப் பாடகர் முடிவு செய்கிறார். இங்கே ஆடுபவரின் கால் முடிவு செய்கிறது. சிங்கப்பூர்ச் சமூக மன்றங்களில் இந்த ஆட்டங்களுக்கு வாசித்து வருகிறேன். என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்.

வாசிக்கத் தொடங்கும் முன் ஆட்டத்தை நடத்துபவரிடம் ஒன்று கேளுங்கள்: "இது நடக்கிற ஆட்டமா, தத்துகிற ஆட்டமா?" நடக்கிற ஆட்டத்துக்கு நிமிடத்துக்கு 110 முதல் 120 தாள அடி வரை தாங்கும். ஓரடி வைத்து அதே காலில் ஒரு தத்தல் என்றால் நான் 80இல் தொடங்குவேன். உடம்பு மேலே போய்க் கீழே வர நேரம் வேண்டும், அதை நாம் அவசரப்படுத்த முடியாது. பெரும்பாலான மெட்டுகளில் ஒரு சுற்று 32 பார் (மேற்கத்திய இசையில் ஒரு தாளக் கட்டம்), பாருக்கு இரண்டு அடி, ஆக 64 அடி. கைப்பேசியில் நேரம் பாருங்கள்: 120இல் ஒரு சுற்று 32 வினாடி, 80இல் 48 வினாடி.

இனி நடை, அதாவது ஒவ்வொரு தட்டும் உள்ளே எப்படிப் பிரிகிறது என்பது. ஜிக் என்பது 6/8. பாருக்கு இரண்டு தட்டு, தட்டுக்கு ஒரு திஸ்ரம், அதாவது மூன்று எண்ணிக்கை. மேற்கத்திய மெட்டுப் பாணியில் அமைந்த தீட்சிதரின் நோட்டுஸ்வரம் 'சக்தி சஹித கணபதிம்' தெரிந்த பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் 'தகிட தகிட' என்று மூன்றையும் சமமாக வைத்தால் கணக்குத்தான் சரியாக இருக்கும், கால் எழாது. 'த' சற்று நீள வேண்டும். 'கி' லேசாக ஒதுங்க வேண்டும். 'ட' அடுத்த தட்டைத் தூக்கிவிட வேண்டும். வயலினை எடுக்கும் முன் இதை வாயால் சொல்லிக்கொண்டே அறையைச் சுற்றி நடங்கள். கால் தானாகத் துள்ளினால் சரி, அப்புறம் வில்லை எடுக்கலாம்.

ஹார்ன்பைப்பில் சுரங்கள் நீளம், குறுக்கம் என்று இணை இணையாக வரும். மெதுவாக வாசிக்கும்போது அந்த வேறுபாட்டைக் கூட்டுங்கள், வேகம் ஏற ஏறக் குறையுங்கள். ரீல் ஏறக்குறைய சமமாகவே ஓடும்.

ஒரே வில்லில் எட்டு சுரம் இழுக்கும் பழக்கம் இங்கே ஆகாது. வில்லின் நடுப்பகுதியில் சின்னச் சின்ன வீச்சு போதும். சுரத்தை அசைக்கும் கமகத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அசைகிற சுரத்தில் அடி எங்கே விழுகிறது என்று ஆடுபவருக்குத் தெரியாது.

இடத்தையும் பாருங்கள். அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் தரை கெட்டி, தூண்களுக்கு நடுவே எதிரொலி வேறு. குறுஞ்சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அங்கே அலங்காரச் சுரங்களை உதிர்த்துவிட்டு, அடி விழும் சுரத்தை மட்டும் அழுத்துங்கள். முட்டிவலி உள்ள ஆன்ட்டிகள் இருந்தால் தத்துகிற ஆட்டமே வேண்டாம் என்று நடத்துபவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். நம் புழுக்கத்தில், குளிர்சாதனம் இல்லாத இடத்தில், நான் 110ஐத் தாண்டுவதே இல்லை.

முடிந்தால் நீங்களே இரண்டு ஆட்டம் ஆடிப் பழகுங்கள். ஆக்ஸ்ஃபர்டை ஒட்டிய ஹெடிங்டன் குவாரியில் மோரிஸ் என்ற ஆங்கிலேய நாட்டுப்புற ஆட்டத்துக்குக் கான்சர்டினா (கையால் விரித்து மூடும் சிறு துருத்தி வாத்தியம்) வாசித்த வில்லியம் கிம்பர் தானும் ஆடியவர். 1899 டிசம்பரில் நாட்டுப்புற இசையைத் திரட்டிய செசில் ஷார்ப் மெட்டுகளை எழுதிக்கொண்டது அவரிடம்தான். மோரிஸில் சில இடங்களில் ஆடுபவர் உயரக் குதிப்பதற்காக மெட்டையே இழுத்து வாசிப்பார்கள். கால் தரையைத் தொடும்போதுதான் அடுத்த அடி விழும். சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவி இதைக் கற்றுத்தராது.

ஆட்டம் தொடங்கியதும் ஏட்டிலிருந்து கண்ணை எடுத்துவிடுங்கள். இரண்டாம் சுற்றிலும் பேசிச் சிரித்துக்கொண்டு ஆடினால் வேகம் சரி. பேச்சு நின்று எல்லாரும் தரையையே பார்த்தால் அதிகம். நடுவில் பிரேக் போடாதீர்கள். மெட்டு மறுபடி தொடக்கத்துக்கு வரும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.