விற்றுத் தருகிறேன் என்று வாங்கிப்போன கார் திரும்பவில்லையா? புகார் எழுதும் முறை

காவேரிப்பட்டணத்திலிருந்து என் பழைய ஸ்விஃப்ட்டை ஓசூரில் ஒரு கார் கன்சல்டிங்கில் (பழைய கார்களை விற்றுத் தரும் தரகுக் கடை) கொண்டுபோய் விட்டேன். "பத்து நாள்ல பார்ட்டி வந்துடும்ணா" என்றார் கடைக்காரர். ஒரு மாதம் கழித்துப் போனால் கடையில் வண்டி இல்லை, அவர் போனும் சுவிட்ச் ஆஃப். ஐந்து மாத அலைச்சலில் கற்றதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை.

1. முதலில் ஆர்டிஓ அலுவலகம்

போலீசுக்கு முன்பே இங்கே போங்கள். கன்சல்டிங்கில் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றுக் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். நானும் போட்டுக் கொடுத்தேன். "என் சம்மதம் இல்லாமல் உரிமை மாற்றம் செய்ய வேண்டாம்" என்று வண்டி பதிவான அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாகனப் பதிவுக்கான அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று அன்றே பார்த்துவிடுங்கள். பெயர் மாறாதவரை விபத்து நடந்தால் இழப்பீட்டுக்குப் பதிவு உரிமையாளர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. அதனால் இன்சூரன்ஸைக் காலாவதியாக விடாதீர்கள்.

2. ஆதாரம்

என்னைக் காப்பாற்றியது ஃபாஸ்டேக். கண்ணாடியில் ஒட்டியிருந்ததை மறந்துபோய் அப்படியே விட்டிருந்தேன். "வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்குதுணா" என்று அவர் வாட்ஸ்அப்பில் சொன்ன அதே இரவு, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் பணம் பிடித்ததாக எனக்கு எஸ்எம்எஸ். டேக் கொடுத்த வங்கியின் தளத்திலிருந்து ஸ்டேட்மென்ட் எடுத்து இணைத்தேன். வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை ஸ்கிரீன்ஷாட்டை நான் நம்புவதில்லை. உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து பிரின்ட் எடுங்கள். வழக்கு முடியும்வரை அந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

3. புகார் எழுதுவது

நான் சறுக்கியது இங்கேதான். முதல் புகாரில் "காரை விற்றேன், 3,40,000 ரூபாய் தராமல் ஏமாற்றுகிறார்" என்று எழுதினேன். ஸ்டேஷனில் படித்துவிட்டு, "இது கொடுக்கல் வாங்கல் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். கோபத்தோடு வந்துவிட்டேன். தெரிந்த ஒரு வக்கீல் அண்ணன்தான், "நீயே வித்தேன்னு எழுதிட்டா அவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

விற்றுவிட்டால் வண்டி அவருடையது. பாக்கி நிற்பது வெறும் கடன். விற்றுத் தரும்படி ஒப்படைத்திருந்தால் வண்டி உங்களுடையது, அவர் கையில் இருப்பது உங்கள் பொருள். அதை நேர்மையில்லாமல் தன் உபயோகத்துக்கு எடுத்தாலோ, விற்ற பணத்தைச் சுருட்டினாலோதான் நம்பிக்கை மோசடி. ஆகவே ஒப்படைப்பு நடந்தது புகாரில் பளிச்சென்று தெரிய வேண்டும். என் இரண்டாவது புகார் இப்படி ஆரம்பித்தது:

"மேற்படி காரை விற்றுத் தருவதற்காக மட்டும் அவரிடம் ஒப்படைத்தேன். விற்ற பிறகு கமிஷன் 10,000 ரூபாய் போக மீதியை என்னிடம் தருவதாகப் பேச்சு. வண்டி இன்றும் என் பெயரில் உள்ளது. என் அனுமதியின்றி அதை ஓட்டி வருகிறார்."

அதன் கீழே ஒப்படைத்த தேதி, கூட இருந்தவர் பெயர், ஃபாஸ்டேக் விவரம். அவ்வளவுதான், ஒன்றரைப் பக்கம். உண்மையிலேயே நேரடியாக விற்றிருந்தால் இதைக் காப்பியடிக்காதீர்கள். விசாரணையில் உடைந்துவிடும்.

சட்டப் பிரிவுகளை நீங்களே அடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. தெரிந்துகொள்ள மட்டும்: 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 406-க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா 316(2), ஐந்து ஆண்டு வரை சிறை. தரகர், ஏஜென்ட் தொழில்முறையில் செய்தால் 316(5), தண்டனை இன்னும் கடுமை.

4. கொடுத்த பிறகு

சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். "எங்க எல்லை இல்லை" என்று சொன்னால், எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிய வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173 சொல்வதைப் பணிவாக நினைவுபடுத்துங்கள். 316(2) குற்றத்தில் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என்பதால் அதுவரை பொறுமை. பதிய மறுத்தால் எஸ்பிக்கு ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு. அதற்கு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி பிடிபட்டால் சும்மா இருக்காதீர்கள். ஸ்டேஷன் வாசலில் வெயில் மழையில் நிற்கும். கோர்ட்டில் மனுப் போட்டு இடைக்காலமாக எடுத்துக்கொள்ளலாம். எனக்குக் கிடைத்தபோது பேட்டரியும் ஸ்டெப்னியும் இல்லை.

பின்சேர்க்கை: பாலக்கோட்டு நண்பர் ஒருவர், "நான் விற்கவில்லை, வாங்கினேன். வண்டி மேல் இருந்த லோனை அடைத்து என்ஓசி (கடன் பாக்கி இல்லை என்ற சான்று) எடுத்துத் தருவதாக விற்றவர் தனியாகப் பணம் வாங்கினார், அடைக்கவில்லை" என்று கேட்டிருந்தார். அந்தப் பணமும் குறிப்பிட்ட காரியத்துக்காக ஒப்படைத்ததுதான். காரின் விலையையும் அதையும் ஒரே தொகையாகக் கூட்டி எழுதாமல், லோனுக்கு என்று எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். ஜிபே குறிப்பில் "லோன் குளோஸ்" என்று போட்டிருந்தால் அந்த ரசீதை முதல் இணைப்பாக வையுங்கள்.