பட்டாளத்து வீட்டில் திடீர்ப் பணமுடையா? எல்லையோரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டினால் ஆந்திரம். இந்தப் பக்கம் குடியாத்தமும் பரதராமியும், அந்தப் பக்கம் சித்தூரும் பலமநேரும். இரண்டு பக்கமும் தமிழ் பேசும் வீடுகள் உண்டு, பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளும் உண்டு. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம்.

இந்த வீடுகளில் திடீரென்று ஒரு ஆபரேஷனோ சாவோ வந்துவிட்டால், "சோல்ஜர் போர்டுல போய்க் கேளு, லட்சக்கணக்கில் தருவாங்க" என்று யாராவது சொல்வார்கள். இது பாதி உண்மை. உதவி இருக்கிறது. ஆனால் அந்த சோல்ஜர் போர்டு, அதாவது முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கும் சைனிக் போர்டு, அதன் வழியாக வரும் பணம் மனு, சரிபார்ப்பு, பரிந்துரை என்று பல மேசைகளைக் கடந்து பின்னால் வரும். நாளைக் காலை ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டிய பணத்துக்கு அதை நம்பி உட்காரக்கூடாது. இன்றைக்கு வேண்டியதை ஒரு இடத்திலும், பின்னால் வர வேண்டியதை வேறு இடத்திலும் கேட்க வேண்டும். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

படி 1: நீங்கள் எந்தக் கணக்கில் வருகிறீர்கள்?

மூன்றே வகை. இப்போது பணியில் இருப்பவர், பென்ஷன் வாங்குபவர், பட்டாளத்தில் இருந்தும் பென்ஷன் இல்லாதவர். ஜவான்களுக்குப் பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 15 வருடச் சேவை வேண்டும். அதற்கு முன்பே வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வகை. பட்டாளத்தை விட்டு வந்த பிறகு கணவர் இறந்திருந்தால், அவர் எந்த வகையோ அதே வகையில் மனைவியும் வருவார்.

இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் அலைபவர்கள் நிறைய. காரணம், மத்திய சைனிக் போர்டின் பெரும்பாலான மானியங்கள் பென்ஷன் இல்லாதவர்களுக்கும் ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்தவர்களுக்கும்தான். சுபேதாராக ஓய்வு பெற்று மாதம் பென்ஷன் வாங்குபவர் அங்கே வறுமை உதவி கேட்டால் கிடைக்காது. அவருக்கு வழி வேறு.

படி 2: இன்றைய பணம்

*பணியில் இருப்பவர் என்றால்* முதல் போன் யூனிட்டுக்குத்தான், சைனிக் போர்டுக்கு அல்ல. வீட்டில் இருப்பவர்கள் ஒரு காகிதத்தில் நாலு விஷயம் எழுதிச் சாமி படத்துக்குப் பின்னாலாவது வைத்திருங்கள்: ஆர்மி நம்பர், பதவியும் பெயரும், யூனிட் பெயரும் போன் நம்பரும், அவருடைய பணிப் பதிவேடு இருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்) என்றால் பெங்களூர், இ.எம்.இ. (எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் எஞ்சினியர்கள்) என்றால் செகந்திராபாத், ஆர்ட்டிலரி என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். "எங்க பையன் காஷ்மீர்ல இருக்கான்" என்பது முகவரி ஆகாது.

யூனிட்டில் என்ன கேட்கலாம்? ஜவானின் சொந்தச் சேமிப்பான ஏ.எஃப்.பி.பி. ஃபண்டிலிருந்து (பட்டாளத்து வருங்கால வைப்பு நிதி) முன்பணம் கேட்கலாம். வைத்தியம் அதற்கு ஏற்கத்தக்க காரணம். அது அவர் போட்ட பணம், யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை. அதற்கு மேல் யூனிட்டிலும் ரெஜிமென்டிலும் நல நிதிகள் உண்டு. கமாண்டிங் ஆபீசருக்கு ஜவான் மனு எழுத வேண்டும், அதோடு டாக்டர் தரும் செலவு மதிப்பீட்டுச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டை வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் உடனே அனுப்பிவிடுங்கள். ராணுவ வீரர்களின் மனைவியர் நலச் சங்கமான 'ஆவ்வா'வும் குடும்பங்களுக்கு உதவுகிறது, அதற்கும் யூனிட் வழியாகவே போகலாம்.

சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலும் கேளுங்கள். பல வங்கிகளில் ராணுவச் சம்பளக் கணக்கோடு விபத்துக் காப்பீடு சேர்ந்தே வருகிறது. குடும்பத்துக்கே தெரியாமல் போவது இதுதான். காப்பீட்டைக் கேட்க காலக்கெடு இருக்கும், அதனால் தகவலை மட்டுமாவது முதல் வாரத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

*பென்ஷனர் என்றால்* இ.சி.எச்.எஸ். கார்டு, அதாவது முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் கார்டு. 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கும் திட்டம் இது. அவசரத்தில் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கையில் பணம் கட்ட வேண்டியதில்லை. உயிர் போகிற அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் பரவாயில்லை. ஆனால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்குத் தகவல் போயாக வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது "இது அவசர சிகிச்சை" என்று டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் பில் கட்டைத் தூக்கிக்கொண்டு போனால், பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

பென்ஷன் வீடுகளில் இன்னொரு அவசரமும் அடிக்கடி வருகிறது: திடீரென்று பென்ஷனே நின்றுவிடும். பயப்படுவதற்கு முன்னால், வருடாந்திர உயிர்ச் சான்று கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷிலோ, பொதுச் சேவை மையத்திலோ, வங்கியின் ஸ்பர்ஷ் சேவை மையத்திலோ ஆதார் வைத்துக் கொடுத்துவிடலாம். சான்று பதிவானால் நின்ற பென்ஷன் பாக்கியோடு வரும்.

*பென்ஷன் இல்லாதவர் என்றால்* பொதுவாக இ.சி.எச்.எஸ். கிடையாது. அவர்கள் மாநில அரசின் காப்பீட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, ஆந்திரத்தில் என்.டி.ஆர். வைத்திய சேவை, அதாவது பழைய ஆரோக்யஸ்ரீ. அந்தப் பக்கத்துக் கார்டை வைத்துக்கொண்டு வேலூருக்கு வைத்தியத்துக்கு வருபவர்கள், சேர்வதற்கு முன் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எல்லை தாண்டினால் எல்லாக் கார்டும் எல்லா இடத்திலும் செல்லாது.

எதுவும் கைக்கு வராத இடைவெளியில் வங்கி நகைக்கடன் வாங்குவது எவ்வளவோ மேல். "மானியம் வந்ததும் அடைச்சிடலாம்" என்று கந்துவட்டிக்குப் போகாதீர்கள். மானியம் வரும் தேதியை யாரும் உங்களுக்கு எழுதித் தர மாட்டார்கள்.

படி 3: எந்த மாநிலத்து போர்டு?

எல்லையோரத்துச் சிக்கல் இதுதான். பட்டாளத்தில் சேரும்போது சொந்த ஊர் சித்தூர் மாவட்டம் என்று எழுதியிருப்பார். ஓய்வு பெற்ற பிறகு பிள்ளைகள் படிப்புக்காகக் காட்பாடியில் வீடு கட்டியிருப்பார். பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு முகவரி, ஆதாரில் ஒரு முகவரி. பதிவு மட்டும் பழைய போர்டிலேயே கிடக்கும், அல்லது எங்குமே இருக்காது.

முன்னாள் படைவீரர் பதிவு எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த அலுவலகம்தான் உங்கள் மனுவைச் சரிபார்த்துப் பரிந்துரைக்க முடியும். தமிழ்நாட்டில் அது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பொறுப்பாளர் உதவி இயக்குநர். ஆந்திரத்தில் ஜில்லா சைனிக் வெல்ஃபேர் ஆபீஸ். வீடு மாறியிருந்தால், பழைய அலுவலகத்தில் மனு கொடுத்துப் பதிவைப் புதிய மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அவசரம் வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது நல்லது என்று கேட்பார்கள். மத்திய சைனிக் போர்டின் மானியம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதில் லாப நஷ்டம் இல்லை. மாநில அரசு தருவதில்தான் வித்தியாசம். தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நலனுக்கான தொகுப்பு நிதியிலிருந்து தனி உதவிகள் உண்டு, ஆந்திரத்துக்கு அதன் சொந்த ஏற்பாடு உண்டு. மாநில உதவி கேட்டால் அந்த மாநிலத்தவர் என்ற சான்றும் கேட்பார்கள். என் அபிப்பிராயம், ரேஷன் கார்டும் ஆதாரும் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கால் வைத்தால் இரண்டிலும் நிறுத்திவைப்பார்கள்.

படி 4: காகிதங்கள்

டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) இருந்தால் அது, முன்னாள் படைவீரர் அல்லது விதவை அடையாள அட்டை, ஆதார், பான், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். வைத்தியம் என்றால் அசல் பில்களும் டிஸ்சார்ஜ் சம்மரியும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாட்டிக்கொள்ளும் இடம் இரண்டு.

ஒன்று, பார்ட்-டூ ஆர்டர். கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் பட்டாளத்தின் பதிவேட்டில் இந்த ஆர்டர் மூலம்தான் ஏறும். ஊரறியத் தாலி கட்டியிருந்தாலும், பார்ட்-டூ ஆர்டரில் பெயர் இல்லை என்றால் ரெக்கார்ட் ஆபீசுக்கு நீங்கள் மனைவி இல்லை. பணியில் இருப்பவர் லீவு முடிந்து போகும்போதே கல்யாணச் சான்றையும் பிறப்புச் சான்றையும் கையோடு கொண்டுபோய்ப் பதியச் சொல்லுங்கள். ஓய்வுக்குப் பிறகு விட்டுப்போனதைச் சேர்க்கவும் வழி உண்டு. சைனிக் அலுவலகம் மூலமாக ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும், நாளாகும்.

இரண்டு, பெயர். நம் வழக்கப்படி அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். ஆந்திரப் பக்கம் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் வீட்டுப் பெயரை முன்னால் போட்டிருப்பார். பட்டாளத்தில் இந்திக்காரக் கிளார்க் இன்னொரு விதமாக எழுதியிருப்பார். ஜெயந்தி ஒரு காகிதத்தில் ஜயந்தி, முருகேசன் இன்னொன்றில் முருகேஷ். கம்ப்யூட்டருக்கு இவர்கள் வேறு வேறு ஆட்கள். "இருவரும் ஒருவரே" என்ற பிரமாணப் பத்திரம் எழுதி, சைனிக் அலுவலகம் சொல்லும் விதத்தில் நோட்டரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம். ஆதாரைத் திருத்துவதாக இருந்தால் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடி திருத்துங்கள். டிஸ்சார்ஜ் புக்கை மாற்றுவதைவிட ஆதாரை மாற்றுவது எளிது.

படி 5: மத்திய சைனிக் போர்டுக்கு மனு

மத்திய சைனிக் போர்டின் (கே.எஸ்.பி.) ksb.gov.in என்ற தளத்தில் பதிவு செய்து, மானியத்தைத் தேர்ந்தெடுத்து, அசல் காகிதங்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். ஜெராக்ஸை ஸ்கேன் செய்து போடாதீர்கள். பிறகு அசல்களோடு மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். அவர்கள் சரிபார்த்து மாநில போர்டுக்கு அனுப்ப, அங்கிருந்து டில்லிக்குப் போகும். பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும். மனு எந்த மேசையில் இருக்கிறது என்று அதே தளத்தில் பார்க்கலாம்.

கிடைப்பது எவ்வளவு? பென்ஷன் இல்லாத, 65 வயது தாண்டிய, ஹவில்தார் வரையிலான முன்னாள் வீரருக்கோ அவர் விதவைக்கோ வறுமை உதவி மாதம் 4,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் போடும் மனுக்களுக்கு 8,000 ஆகியிருக்கிறது. அதே தேதியிலிருந்து மகளின் கல்யாண உதவி 50,000-லிருந்து 1 லட்சம், பிள்ளைகள் படிப்புக்கு மாதம் 1,000-லிருந்து 2,000. பென்ஷன் இல்லாத ஹவில்தார் வரையிலானவர்களுக்கு வைத்திய மானியம் 50,000 ரூபாய் வரை. இதய ஆபரேஷன், புற்றுநோய், சிறுநீரகம் போன்ற பெரிய நோய் என்றால் பென்ஷன் இல்லாத எந்தப் பதவிக்காரருக்கும் 1.5 லட்சம் வரை. டிசம்பர் 7 அன்று நாம் உண்டியலில் போடும் கொடிநாள் பணம்தான் இதற்கெல்லாம் ஆதாரம்.

இந்த மனுவுக்குக் கட்டணம் கிடையாது. "ரெக்கார்ட் ஆபீஸ்ல இருந்து பேசுறேன், பணம் சாங்ஷன் ஆயிடுச்சு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று இந்தியும் தெலுங்கும் கலந்து ஒரு குரல் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

சாவு நேர்ந்த வீட்டில்

இறப்புச் சான்று இறந்த இடத்தில்தான் கிடைக்கும். சித்தூர்க்காரர் வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு வேலூரில். 21 நாளுக்குள் பதிவானால் சிக்கல் இல்லை. நகல் நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்று மட்டும் அவர் குடியிருந்த ஊரின் தாசில்தாரிடம். ஆந்திரப் பக்கம் குடும்ப உறுப்பினர் சான்று என்ற பெயரில் தருவார்கள்.

பென்ஷனர் இறந்தால் ஸ்பர்ஷிலோ சேவை மையத்திலோ உடனே தெரிவிக்க வேண்டும். துக்கத்தில் விட்டுவிட்டு ஏ.டி.எம்.மில் அவர் பென்ஷனை எடுத்துக்கொண்டே இருந்தால், பின்னால் குடும்பப் பென்ஷனில் பிடித்துக்கொள்வார்கள். பி.பி.ஓ.வில் மனைவி பெயர் ஏற்கனவே இருந்தால் குடும்பப் பென்ஷன் சீக்கிரம் தொடங்கும்.

பணியில் இருக்கும்போது இறந்தால் யூனிட்டும் ரெக்கார்ட் ஆபீசும் காகிதங்களை அனுப்பும். கடமையின் போது நேர்ந்த சாவு என்றால் மத்திய அரசின் கருணைத்தொகை, சூழ்நிலையைப் பொறுத்து 25 லட்சம், 35 லட்சம், 45 லட்சம் என்று படிநிலை உண்டு. போரில் வீழ்ந்தவர் குடும்பத்துக்குப் படைவீரர் இழப்பு நல நிதியிலிருந்து 8 லட்சம் தனி. குரூப் இன்சூரன்ஸும் ஏ.எஃப்.பி.பி. பணமும் யார் பெயரில் நாமினேஷன் இருக்கிறதோ அவர் வழியாகத்தான் போகும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் பதினாறாம் நாளே பேச்சு நின்றுபோகும் வீடுகள் பலவற்றுக்கு இந்த ஒரு படிவம்தான் காரணம்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். வீட்டுக்காரர்கள் கவனிக்க: நீங்கள் உள்துறையின் கீழ் வருகிறீர்கள். சைனிக் போர்டு மானியம் உங்களுக்கு இல்லை. அந்தந்தப் படையின் நலப் பிரிவைப் பிடியுங்கள். வீரமரணம் என்றால் 'பாரத் கே வீர்' நிதியும் உண்டு.

மனு போட்டுப் பதிலே வராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க் கூட்டத்தில் கொடுக்கலாம், இரண்டு மாநிலத்திலும் திங்களன்றுதான். தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே தனிக் கூட்டமும் அவ்வப்போது நடத்துகிறார்கள், தேதியை நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது கே.எஸ்.பி. மனு எண்ணையும், கடைசியாக வந்த ஆட்சேபணைக் குறிப்பின் பிரிண்டையும் சேர்த்து வையுங்கள். பெரும்பாலும் அந்தக் குறிப்பிலேயே எந்தக் காகிதம் குறைகிறது என்று எழுதியிருக்கும்.